தேக்காவில் ஆறிய தேநீர்

சனிக்கிழமை காலை பத்து மணி. தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் தேநீர்க் கடைக்காரர் இரண்டு குவளைகளுக்கு நடுவே தேநீரை ஒரு முழ நீளத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். மலாயில் இதற்குத் தே தாரிக் என்று பெயர், இழுத்த தேநீர். எங்கள் ஊர்ப் பக்கம் ‘ஆத்துறது’ என்போம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா மகளிடம் கேட்டேன்.

“அவர் என்ன பண்றார்?”

“டீ ஆத்துறாரு.”

“பாட்டி முன்னால ஒரு டீ இருக்கே, அது?”

திரும்பிப் பார்த்தாள். பாட்டி பக்கத்து மேசை அம்மாளோடு பேச்சில் மூழ்கியிருந்தார். அவர் முன்னால் இன்னும் வாய் வைக்காத கண்ணாடிக் கோப்பை. மேலே மெல்லிதாக ஆடை படியத் தொடங்கியிருந்தது.

“அது ஆறுது.”

“அவ்வளவுதாம்மா. அவர் ஆத்துறார், அது ஆறுது. ஸ்பானிஷ்ல அவர் பண்றது என்ஃப்ரியார். அதுவா ஆறுறது என்ஃப்ரியார்செ. கடைசியில ஒட்டிக்கிட்டு இருக்கே ஒரு ‘செ’, அதுதான் நேத்து ராத்திரி உன்னைப் படுத்தினது.”

அவள் ஒரு நிமிடம் கடைக்காரரையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள். “எல் தே செ என்ஃப்ரியா,” என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். தேநீர் ஆறுகிறது. தேநீருக்கு ஸ்பானிஷிலும் தே என்றுதான் பெயர். மலாயின் தே, நம் தேநீரின் தே, ஸ்பானிஷ் தே எல்லாமே ஹொக்கியன் சீனர்கள் சொன்ன சொல்லிலிருந்து கிளம்பிப் போனவை. தேக்கா என்ற பெயரும் ஹொக்கியன்தான். மூங்கில் அடி என்று பொருள். வரைபடத்தில் லிட்டில் இந்தியா என்று போட்டிருந்தாலும் இங்குள்ள தமிழர் வாயில் இந்த வட்டாரம் தேக்காதான்.

முந்தின நாள் இரவு நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும். தோ பாயோவில் அக்கா வீடு, வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் பதினோராவது மாடி. அக்கா மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். ஆங்கிலமும் தாய்மொழியாகத் தமிழும் போக மூன்றாம் மொழியாக ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாள். அதற்காகப் பள்ளி விட்டபின் கல்வி அமைச்சின் மொழி நிலையத்துக்குப் போகிறாள். சாப்பாடு முடிந்ததும் மேசையில் ஒரு பயிற்சித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நாளின் வேலைகளை வரிசையாக எழுத வேண்டும். தெஸ்பெர்தார்செ, விழித்தல். லெவந்தார்செ, எழுதல். லவார்செ, கழுவிக்கொள்ளுதல். வெஸ்தீர்செ, உடுத்திக்கொள்ளுதல். அகொஸ்தார்செ, படுத்தல். எல்லாவற்றின் வாலிலும் செ.

அவள் ஓரத்தில் பென்சிலால் ஆங்கிலத்தில் ‘மைசெல்ஃப்’ என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு வரியிலும். பிறகு என்னிடம் கேட்டாள்: “என்னையே நான் எழுப்பிக்கிறேன், என்னையே நான் படுக்க வச்சுக்கிறேன்னு யாராவது பேசுவாங்களா மாமா?”

நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் எழுந்திரிப்பதற்கும் படுப்பதற்கும் ‘செல்ஃப்’ வேண்டியதில்லை. ஆகவே ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானிஷுக்குப் போகும் பிள்ளைக்கு இந்தச் செ காரணமில்லாமல் தொங்கும் ஒன்றாகவே படும். தில்லியில் வேலை பார்த்த காலத்தில் இரண்டு ஆண்டுகள் மாலை வகுப்புக்குப் போய் நானும் இதே மொழியைப் படித்தேன். செ ஒட்டிய வினைகளைத் தனிப் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்தேன். தமிழைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

தேநீரோடு மேசைக்கு வந்ததும் அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். தமிழில் இப்படி இரட்டையாக வருபவற்றைச் சொல்லச் சொன்னேன். ஆறு, ஆற்று என்று தொடங்கினாள். உடைந்தது, உடைத்தாள். தொலைந்தாள், தொலைத்தாள். மறைந்தான், மறைத்தான். திருந்து, திருத்து. எழு, எழுப்பு. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்ததுதான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஸ்பானிஷை எழுதினோம். உடைத்தல் ரொம்பெர், உடைதல் ரொம்பெர்செ. தொலைத்தல் பெர்தெர், வழி தெரியாமல் தொலைதல் பெர்தெர்செ. மறைத்தல் எஸ்கொந்தெர், மறைதல் எஸ்கொந்தெர்செ. திருத்துதல் கொர்ரெஹீர், திருந்துதல் கொர்ரெஹீர்செ.

பத்து வரி எழுதுவதற்குள் ஒன்று கண்ணில் பட்டது. தமிழில் தானாக நடப்பதுதான் அடிப்படை. திருந்து என்பதன் மெல்லெழுத்தை வல்லெழுத்தாக்கித் திருத்து என்றால் அது இன்னொருவர் மேல் பாய்கிறது. ஸ்பானிஷ் நேர் எதிர்த் திசையில் வருகிறது. அங்கே இன்னொருவருக்குச் செய்வதுதான் முதல் சொல். செ சேர்த்தால் வினை செய்தவரிடமே திரும்புகிறது, அல்லது செய்தவர் என்று ஒருவர் இல்லாமலே நடந்துவிடுகிறது. கிளம்பும் முனைகள்தான் வேறு. நடுவில் இருக்கும் பாதை ஒன்றே.

செ என்பது படர்க்கைக்கு மட்டும். தன்மைக்கு மெ, முன்னிலைக்குத் தெ, பன்மையில் நோஸ், ஓஸ். மெ லெவந்தோ என்றால் நான் எழுகிறேன், தெ லெவந்தாஸ் என்றால் நீ எழுகிறாய், செ லெவந்தா என்றால் அவன் எழுகிறான் அல்லது அவள் எழுகிறாள். ஓஸ் ஸ்பெயினில் வழங்குவது. லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்தையும் செ பிடித்துக்கொள்கிறது. இந்தப் பட்டியல் அவளுக்கு ஏற்கெனவே பாடம்.

“அப்ப லவார்செ? கழுவுக்கு இப்படி ஜோடி இல்லையே மாமா?”

அவள் கேட்டதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. பதில் கேம்பல் லேனில் கிடைத்தது.

கேம்பல் லேன் தேக்காவிலிருந்து சாலையைக் கடந்தால் வந்துவிடும். ஒரு முனையில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம், கண்ணாடி முகப்போடு. அங்கிருந்து சற்று நடந்தால் பூக்கடைகள். தொட்டிகளில் தாமரை மொட்டு, கம்பியில் தொங்கும் சாமந்தி மாலை, ஈரத் துணிக்கு அடியில் மல்லிகைச் சரம். பாட்டி இரண்டு முழம் வாங்கினார். அவர் சிங்கப்பூரிலேயே பிறந்தவர். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். சரத்தை நடுவில் மடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஊக்கை வாயில் கவ்வியபடியே பேத்தியைக் கேட்டார்:

“பூ நீயே வச்சுக்கிறியா, நான் வச்சு விடவா?”

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். ஸ்பானிஷ் இலக்கணப் புத்தகம் ஓர் அத்தியாயம் முழுக்கச் சொல்ல வருவது இந்த ஆறு சொல்லில் இருக்கிறது. வச்சுக்கிறது, வச்சு விடுறது. தனக்குச் செய்தால் கொள், அடுத்தவருக்குச் செய்தால் விடு. ஸ்பானிஷில் செ போனெ என்றால் அவள் வைத்துக்கொள்கிறாள். லெ போனெ என்றால் அவளுக்கு இவர் வைத்துவிடுகிறார். செ, லெ என்ற ஓரெழுத்துச் சொற்களின் வேறுபாடு, பாட்டியின் வாயில் கொள்ளும் விடுவுமாக நிற்கிறது. கழுவு, கழுவிக்கொள். உடுத்து, உடுத்திக்கொள். வாரு, வாரிக்கொள். அடுத்துப் போன வீரமாகாளியம்மன் கோயிலிலும் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒரு பெரியவர் திருநீறு பூசிக்கொண்டார். பிறகு இடுப்பில் இருந்த பேரனுக்குப் பூசிவிட்டார். அதே விரல், அதே நீறு, வினை மட்டும் இரண்டு.

இதை வெறும் தற்சுட்டு என்று சொன்னால் போதாது. இ. அண்ணாமலை 1985இல் தமிழ்த் துணைவினைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஹரால்ட் ஷிஃப்மன் 1999இல் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். கொள் இப்படிப்பட்ட ஆய்வாளர்களை நெடுநாள் பிடித்து வைத்திருந்த சொல். தன் நலத்துக்காகச் செய்வதும் அதில் உண்டு, தனக்கே தீங்காக முடிவதும் உண்டு. ‘இடிச்சுக்கிட்டேன்’ என்றால் யாரும் வேண்டுமென்று இடித்துக்கொள்வதில்லை. ஒருவருக்கொருவர் செய்வதும் இதில்தான் வரும். ‘ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்க’ என்றால் ஆளுக்கு ஆள் அடித்ததுதான். ஸ்பானிஷும் அங்கே செ-தான் போடும். கற்றுக்கொள், கற்றுக்கொடு என்ற ஜோடியை யோசித்துப் பாருங்கள். ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே நடக்கும் ஒரே செயல், துணைவினை மாறியதும் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பது மாறிவிடுகிறது.

கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது, காலையில் பக்கத்து மேசை அம்மாள் சொன்ன கதையைப் பாட்டி எங்களுக்குச் சொன்னார். “மகன் அவனே கட்டிக்கிட்டானாம். இவங்க கட்டி வைக்கலையாம். அதான் வருத்தம்.” கசார்செ, கசார் என்று பேத்தி என் காதில் சொன்னாள். வகுப்பில் படித்திருந்தாளாம். கல்யாணம் செய்துகொள்ளுதல் முதலாவது, செய்துவைத்தல் இரண்டாவது. என் தில்லிப் பட்டியலில் இந்த இரண்டும் நெட்டுருப் போட்ட இரண்டு தனிச் சொற்களாக இருந்தன.

பாட்டியின் வாயில் இப்படி வரும் பேச்சு இந்த ஊரில் குறைந்து வருகிறது. 2010 கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடு. 2020இல் 2.5. ஆங்கிலம் 48.3. தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. பள்ளியில் பாடம், தொலைக்காட்சியில் வசந்தம், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வருகிறது. 2005இல் நடந்த பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கும் வகுப்பில் இடம் கிடைத்தது. அது எவ்வளவு முக்கியம் என்பது எனக்குக் கேம்பல் லேனில் தெரிந்தது. பாடப்புத்தகத்தின் ‘வைத்துக்கொண்டாள்’ அந்தப் பிள்ளைக்கு எழுத்து. ‘வச்சுக்கிட்டா’ என்பதுதான் அவள் காதில் உயிரோடு இருக்கிறது. ஸ்பானிஷ் செ போய் ஒட்டிக்கொண்டதும் அதோடுதான்.

வீடு திரும்ப லிட்டில் இந்தியா நிலையத்தில் பெருவிரைவு ரயில் ஏறினோம். நியூட்டனில் மாற வேண்டும். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் மூன்று வகை எழுத்துகள். நடைமேடை இடைவெளியை நினைவில் கொள்ளச் சொல்லும் அறிவிப்பு காதில் விழுந்தது; இங்கேயும் ஒரு கொள். அதே அறிவிப்பு மலாயில் பெர்ஹாத்தி-ஹாத்தி என்று வரும். ஹாத்தி என்றால் உள்ளம். அந்தப் ‘பெர்’ என்ற முன்னொட்டு வேறு இடங்களில் செ செய்யும் வேலையையே செய்கிறது. மென்ச்சுக்கூர் என்றால் இன்னொருவருக்குச் சவரம் செய்வது, பெர்ச்சுக்கூர் என்றால் தான் சவரம் செய்துகொள்வது. ஸ்பானிஷில் அஃபெய்த்தார், அஃபெய்த்தார்செ. மலாய் சொல்லின் தலையில் வைக்கிறது, ஸ்பானிஷ் அகராதி வடிவத்தின் வாலில் வைக்கிறது, தமிழ் துணைக்கு இன்னொரு வினையையே கூட்டி வருகிறது.

சீனத்தில் ட்ஸூஜி என்று ஒரு சொல். நம் தானுக்கு மிக நெருங்கிய உறவுபோல நடக்கும். ‘குமார், தன்னை ரவிக்குப் பிடிக்காதுன்னு நினைக்கிறான்’ என்று சொன்னால் தன்னை என்பது குமாரைத்தான் குறிக்கும், நடுவில் ரவி நின்றாலும். ட்ஸூஜியாலும் அப்படித் தாண்டிப் போக முடியும். ஆங்கிலத்தின் ‘ஹிம்செல்ஃப்’ தாண்டாது; பக்கத்தில் இருக்கும் ரவியையே பிடிக்கும். ஸ்பானிஷ் செயும் அப்படித்தான், தன் வாக்கியத்தை விட்டு நகராது. நான்கு மொழியும் ஒரே பெட்டியில் பயணம் செய்யும் ஊரில் இதையெல்லாம் பேச வகுப்பறை தேவைப்படவில்லை. நியூட்டன் வருவதற்குள் முடித்துவிட்டோம்.

இந்த ஒப்பீடு எங்கும் சீராக ஓடும் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. ‘படிச்சுக்கிட்டு இருக்கேன்’ என்பதில் உள்ள கிட்டு தற்சுட்டே அல்ல, வேலை நடந்துகொண்டிருப்பதைக் காட்டுகிறது. அங்கே செ போட்டால் தப்பு. மறுபுறம், ஸ்பானிஷில் ஈர் என்றால் போ, ஈர்செ என்றால் கிளம்பிப் போய்விடு. கொமெர் என்றால் சாப்பிடு, கொமெர்செ என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. இவற்றில் கொள் வராது. நமக்கு விடுதான் வரும். ஆக ஒரு செயின் வேலையைத் தமிழ் கொள், விடு என்று பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. மெ யாமோ என்பதை ‘என்னை நான் அழைத்துக்கொள்கிறேன்’ என்று பிரித்துப் பார்ப்பதிலும் பயனில்லை. என் பேர் இன்னது என்று சொல்வதற்கு அவர்கள் வழி அது.

ஞாயிற்றுக்கிழமை விக்டோரியா தெருவில் தேசிய நூலகத்துக்குப் போனோம். அவளுக்குப் பள்ளிக் கட்டுரைக்குப் புத்தகம் வேண்டும். எனக்குத் தமிழ் நூல்கள் இருக்கும் தட்டுகளைப் பார்க்க ஆசை. அங்கே உட்கார்ந்துதான் என்ரிக்கே என்ரிக்கஸைப் பற்றிச் சொன்னேன். அண்ட்ரிக் அடிகளார் என்று நம் ஆட்கள் எழுதும் அந்தப் போர்த்துகீசியப் பாதிரியார், புன்னைக்காயல் பக்கத்தில் பரதவர்களோடு இருந்து தமிழ் கற்றுக்கொண்டவர். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவர் தந்தது. அதற்கு முன்பே போர்த்துகீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். போர்த்துகீசியத்திலும் இதே செ உண்டு. கொள் என்ற வினை கடற்கரைப் பேச்சில் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. அந்தக் காலத்துப் போக்குவரத்தில் வந்து தங்கிய போர்த்துகீசியச் சொற்களின் உறவுகளை அவள் ஏற்கெனவே ஸ்பானிஷ் வகுப்பில் சந்தித்திருந்தாள்: மெஸா நம் மேசை, அர்மாரியோ நம் அலமாரி, சப்பாத்தோ பாட்டி சொல்லும் சப்பாத்து. “பாட்டி பேசறது ஸ்பானிஷா?” என்று அவளுடைய சின்னத் தம்பி கேட்டானாம்.

இன்னொன்றையும் அன்று பேசினோம்; எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தாம், தாங்கள் என்பவை பழைய தமிழில் தான் என்பதன் பன்மை, படர்க்கையில் தன்னையே சுட்டுபவை. அந்தத் தாங்கள்தான் பின்னால் முன்னிலைக்கு வந்து பெரியவர்களை மரியாதையாக விளிக்கும் சொல்லாயிற்று. நேரே ‘நீ’ என்று சுட்டாமல் படர்க்கையில் ஒதுங்கி நின்று பேசுவது மரியாதை. ஸ்பானிஷும் இதையே செய்தது. உஸ்தெத் என்ற மரியாதைச் சொல், ‘தங்கள் அருள்’ என்பது போன்ற ஒரு விளிப்பிலிருந்து சுருங்கி வந்தது. ஆகவே எதிரே நிற்பவரிடம் பேசினாலும் அது படர்க்கை வினையையே எடுக்கும், செயையே எடுக்கும். கோமொ செ யாமா உஸ்தெத்? தங்கள் பெயர் என்ன? அவள் பாடத்தில் உஸ்தெத்துக்கு ஏன் தெ வராமல் செ வருகிறது என்று இரண்டு வாரமாகக் குழம்பியிருந்தாளாம். பாட்டியைத் தாங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தால் சிரிப்பார் என்றாள். ஆனால் விளங்கிவிட்டது.

நூலகத்தை விட்டு வெளியே வந்து தேக்கா பக்கம் நடக்கையில் மழை. சிங்கப்பூர் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. வானம் அப்படியே கவிழும். கடைவீடுகளின் முன்தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். காக்கி லீமா என்பார்கள், ஐந்தடி அகல நடைபாதை; நனையாமல் ஒரு தெரு முழுக்க நடக்கலாம். தெருவைக் கடக்கத்தான் குடை வேண்டும்.

“குடை எங்கம்மா?”

“எடுக்கணும்னு இருந்தேன் மாமா. எனக்கு மறந்துபோச்சு.”

“மறந்துட்டேன்னு ஏன் சொல்லல?”

“நான் வேணும்னா மறந்தேன்? அதுவா மறந்துபோச்சு.”

செ மெ ஓல்விதோ என்றேன். அவளை எழுதிக் காட்டச் சொன்னேன். நோட்டின் பின்னட்டையில் எழுதினாள். செ: அது தானாக. மெ: எனக்கு. ஓல்விதோ: மறந்தது. எனக்கு மறந்துபோச்சு. ஒரு சொல் மிச்சமில்லாமல் நேருக்கு நேர். மறந்தவள் எழுவாய் அல்ல, நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறாள். மறதிதான் நடந்து முடிந்த காரியம். கையிலிருந்து கோப்பை நழுவினாலும் செ மெ கயோ என்றுதான் சொல்வார்கள். போட்டு உடைத்தேன் என்று குற்றத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளாமல், விழுந்துடுச்சு என்று நாம் சொல்வதுபோல. இப்படிச் சொல்ல வேண்டும் என்ற தேவை இரண்டு கரையிலும் தனித்தனியே தோன்றியிருக்கிறது. மழை விட அரை மணி ஆயிற்று. அதற்குள் அவள் வீட்டுப்பாடத்தின் மிச்சத்தைக் கடைப் படியில் உட்கார்ந்தே எழுதினாள். பயிற்சித்தாளின் ஓரத்தில் இருந்த ‘மைசெல்ஃப்’களை அழிரப்பரால் அழித்துவிட்டுப் பென்சிலில் கிட்டேன், கிட்டேன் என்று போட்டுக்கொண்டு வந்தாள். லெவந்தார்செ பக்கத்தில் மட்டும் வெறுமனே எழு என்று எழுதினாள். கேட்டதற்கு, “இதுக்குக் கொள் வேணாம், எழுப்பு தனியா இருக்குல்ல,” என்றாள். சரிதான்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நான் கிளம்பினேன். அவள் அதற்கு முன்பே பள்ளிக்குப் போயிருந்தாள்; ஏதோ பயிற்சி, ஆறு மணிக்கே பேருந்து. பாட்டி வாசல்வரை வந்தார். “பசியாறிட்டுப் போங்க தம்பி,” என்று இரண்டு இட்டிலியைக் கட்டாயமாக வைத்தார். போயிட்டு வர்றேன் என்று சொல்லிக்கொண்டு மின்தூக்கியில் இறங்கினேன்.

சாங்கியில் பாதுகாப்புச் சோதனை முடிந்து உட்கார்ந்த பிறகு கைப்பேசியில் அவள் செய்தி. பள்ளி இடைவேளையில் அனுப்பியிருக்கிறாள். ஸ்பானிஷில் ஒரே வரி: செ மெ ஓல்விதோ தெஸ்பெதீர்மெ. அதன் கீழே தமிழில், “சொல்லிக்க மறந்துபோச்சு மாமா.”

தெஸ்பெதீர் என்றால் வழியனுப்புதல். செ சேர்ந்தால் விடைபெறுதல், நாம் சொல்லிக்கொள்ளுதல் என்பது. அகராதியில் அது தெஸ்பெதீர்செ என்றுதான் இருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். அவள் செயை எடுத்துவிட்டு மெ போட்டிருந்தாள். சொல்லிக்கொள்ள வேண்டியவள் அவள்தானே.

விமானத்துக்கு அழைக்கும்வரை அந்தக் கடைசி மெயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.